சிஸ்டம்டியை விட்டு மாறலாமா? முதலில் அளந்து பாருங்கள்

லினக்ஸ் கிளம்பும்போது மற்ற நிரல்களை ஓடவைக்கும் மென்பொருளுக்கு இனிட் என்று பெயர், சிஸ்டம்டியும் ரன்இட்டும் அதில் இரண்டு வகைகள். சிஸ்டம்டி கனமானது, ரன்இட்டுக்கு மாறினால் கணினி பறக்கும் என்று எங்காவது படித்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸைக் கலைக்கத் தயாராகும் புதியவர்கள் நிறையப் பேர். வேகம் மட்டுமே காரணம் என்றால் பெரும்பாலும் மாற வேண்டியதில்லை. நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம், உங்கள் கணினியிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: இப்போது எது ஓடுகிறது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏறியதும் கிளப்பிவிடும் முதல் புராசஸ்தான் (ஓடும் நிரல்) இனிட், அதன் பிஐடி (புராசஸ் எண்) எப்போதும் 1. புராக் அடைவில் 1 என்ற அடைவுக்குள் இருக்கும் காம் கோப்பை கேட் கட்டளையால் படியுங்கள். ஃபெடோரா 2011-லும் டெபியனும் உபுண்டுவும் 2015-லும் சிஸ்டம்டிக்கு வந்துவிட்டதால், அவற்றில் அந்தப் பெயர்தான் வரும்.

படி 2: நேரம் எங்கே போகிறது?

டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்று கொடுங்கள். பூட் ஆகும் நேரத்தை ஃபர்ம்வேர் (மதர்போர்டின் சொந்த மென்பொருள்), லோடர் (கெர்னலை ஏற்றுவது), கெர்னல், யூசர்ஸ்பேஸ் (இனிட்டும் அது கிளப்பும் மற்றவையும்) என்று பிரித்துக் காட்டும் (பழைய பயாஸ் கணினியில் முதல் இரண்டும் வராது). இனிட்டை மாற்றினால் குறையக்கூடியது யூசர்ஸ்பேஸ் மட்டும்தான். ஃபர்ம்வேரே பத்து வினாடி விழுங்கினால் எந்த இனிட் வந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அப்புறம் அதே கட்டளையோடு பிளேம் சேர்த்தால் ஒவ்வொரு சர்வீஸும் (பின்னணியில் ஓடும் நிரல்) எடுத்த நேரம் தெரியும், ஆனால் பல சர்வீஸ்கள் ஒரே சமயத்தில் ஓடுவதால் அவற்றைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள். எது எதற்காகக் காத்திருந்தது என்பது பிளேமுக்குப் பதில் கிரிட்டிகல்-செயின் கொடுத்தால்தான் தெரியும்.

படி 3: தடையை எடுங்கள்

அடிக்கடி மாட்டுவது நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன், நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருக்கும் சர்வீஸ். நெட்வொர்க் டிரைவ் எதுவும் இணைக்காத வீட்டு லேப்டாப்பில் இதை சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் கொடுத்து நிறுத்திவிடலாம், இணையம் வழக்கம்போல வேலை செய்யும். ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறதா? கழற்றிவிட்ட டிரைவ் ஒன்று இன்னும் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிரைவ்களின் பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லையென்றால் அந்த வரியை நீக்குங்கள், எப்போதாவது செருகுவீர்கள் என்றால் அதில் நோஃபெயில் (டிரைவ் கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறிப்பு) சேருங்கள்.

படி 4: இன்னும் மாற ஆசையா?

நல்ல காரணம் ஒன்று உண்டு: கணினி எப்படி எழுந்திருக்கிறது என்று முழுதாகப் புரிந்துகொள்வது. ரன்இட்டில் ஒரு சர்வீஸ் என்பது ஓர் அடைவு, அதற்குள் ரன் என்ற சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான், யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம், அந்த எளிமை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

ஆனால் இருக்கிற டெபியனில் இனிட்டை மட்டும் பிடுங்கி மாற்றாதீர்கள். அதற்கென்றே தெவுவான், ஆர்டிக்ஸ், வாய்ட் என்று சிஸ்டம்டி இல்லாத லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வாய்ட் நிறுவி, ஈடிசி-யில் எஸ்வி அடைவுக்குள் உள்ள எஸ்எஸ்எச்டி-யை (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய விடும் சர்வீஸ்) எல்என் -எஸ் கட்டளையால் வார் அடைவிலுள்ள சர்வீஸ் அடைவில் இணையுங்கள். சில வினாடிகளில் அது ஓடத் தொடங்கும், எஸ்வி ஸ்டேட்டஸ் கொடுத்தால் தெரியும்.

கூடவே எதை இழக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சிஸ்டம்டியின் லாக்கைப் (நடந்தவற்றின் பதிவு) படிக்கும் ஜர்னல்சிடிஎல் கிடையாது, லாக் வேண்டுமென்றால் வாய்ட்டில் சாக்லாக்கைத் தனியாக நிறுவ வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்ட சிஸ்டம்டி டைமர்களுக்குப் பதில் கிரான். ஸ்னாப் (உபுண்டுவின் செயலித் தொகுப்பு முறை) செயலிகளுக்கு சிஸ்டம்டி வேண்டும், ஆகவே அவற்றை நம்பியிருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. மற்றவர்கள் தினசரி வேலைகளை அந்த விர்ச்சுவல் கணினியில் கொஞ்ச நாள் செய்து பார்த்து, எதுவும் இடிக்கவில்லை என்றால், பழையதை அழிக்காமல் தனி பார்ட்டிஷனில் நிறுவுங்கள்.