ஆடியில் கோடியக்கரைக்கு சைக்கிளில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆடியில் திருத்துறைப்பூண்டி டீக்கடை ஒன்றில் இரண்டு பையன்களைப் பார்த்தேன். புது கியர் சைக்கிள். மன்னார்குடியிலிருந்து கிளம்பி, கோடியக்கரை போய்விட்டு அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம். "மிதிக்கவே வேண்டாம்ணே, 28-ல போகுது" என்றான் பெரியவன். எனக்குப் பகீர் என்றது. பல வருடத்துக்கு முன்னால் இதே ரோட்டில் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

பிரேக் பார், ஹெல்மெட் போடு என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்றைத் தன் கால் என்று நினைப்பது

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ஆனாலும் சைக்கிளில் ஏறியதும் மறந்துவிடுகிறது. ஏனென்றால் முதுகில் தள்ளுகிற காற்று தெரியவே தெரியாது. நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், பின்னாலிருந்து காற்று 20-ல் வருகிறது என்றால் முகத்தில் படுவது வெறும் 5. காற்றே இல்லை, நம் கால்தான் இன்றைக்கு நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நேர் எதிரே வந்தால், 12-ல் ஊர்ந்தாலும் முகத்தில் படுவது 32. காற்றின் எதிர்ப்பு, முகத்தில் படும் வேகத்தின் வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 40 மடங்கு. எந்த கியரும் இதற்கு மருந்தில்லை.

அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு நான் வேதாரண்யம் வரை பறந்தேன். அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்து, கோடியக்கரைக் காட்டில் வெளிமான் பார்த்து, மீன் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு சாவகாசமாக இரண்டு மணிக்குத் திரும்பினேன். வேதாரண்யம் தாண்டியதும் ஆரம்பித்தது. வெட்டவெளி, ஒதுங்க மரமில்லை, இறக்கத்தில் விடலாம் என்றால் டெல்டாவில் ஏது இறக்கம். அங்கங்கே தள்ளிக்கொண்டு நடந்தேன். திருத்துறைப்பூண்டி வரவே நாலு மணி நேரம் ஆனது, அப்புறம் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றில் சைக்கிளை ஏற்றி, கேட்டதைக் கொடுத்து வீடு வந்தேன். முழங்கால் வலி போக ஒரு மாதம்.

எரிச்சல் பணத்தில் இல்லை. காலையில் பாமணியாற்றங்கரையில் தென்னை ஓலை மொத்தமும் கிழக்கே, நான் போகிற கடல் பக்கமே பார்த்து நின்றது. அழகாக இருக்கிறதே என்று போட்டோ வேறு எடுத்தேன். இன்னும் போனில் இருக்கிறது.

கிளம்பும் முன் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்று ஓலையைப் பாருங்கள். ஆடியில் கடல் பக்கம் போனால், பாதித் தெம்பு தீரும்வரை போகாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடுங்கள். ஐப்பசிக்கு மேல் காற்று கிழக்கே கடல் பக்கமிருந்து வந்தால் கதை தலைகீழ்: போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். புதியவர்களுக்கு அதுதான் சரி, மழை விட்ட நாளாகப் பார்த்துக்கொண்டால். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்திருந்த ஊரில் இப்போது வேகம் காட்டும் செயலியை மட்டும் பார்க்கிறோம்.

இதையெல்லாம் பையன்களிடம் சொன்னேன். சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். சின்னவன் மட்டும் திரும்பி வந்து குட்டியானைக்காரர் நம்பரை வாங்கிக்கொண்டான்.

ஆற்றங்கரைக் குறுக்கு வழி

ஆறும் வாய்க்காலும் இங்கே கடலைப் பார்த்து ஓடுகின்றன. குறுக்கே போக பாலம் வேண்டும். "வழி இருக்கா" என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார்கள், மூங்கில் பாலமும் வழிதானே. "வண்டி போற பாலம் இருக்கா" என்று கேளுங்கள். மழை பெய்திருந்தால் கரைப்பக்கமே போகாதீர்கள். களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தண்ணீர்

கடலோரம் நிலத்தடித் தண்ணீர் பல இடத்தில் உப்பு. திருத்துறைப்பூண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கருவேல முள்

ட்யூப் இரண்டு, பம்ப் ஒன்று. டயரில் இருக்கும் முள்ளைத் தடவிப் பிடுங்காமல் புது ட்யூப் மாட்டினால் அதுவும் போகும்.