2,300 ரூபாயில் 407-இன் மூச்சடைப்பைத் தீர்த்த விதம்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் வரைக்கும், இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள் என் டாடா 407 லாரி பின்னால் வருகிற பைக்காரர்களின் சட்டையில் கரி பூசிவிடும். மேலே போகும்போது சிமெண்டும் எம்-சாண்டும், இறங்கும்போது வாழைத்தாரும் அன்னாசியும் என்று வாரம் மூன்று நடை. மூன்றாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதுக்கு இறக்கி, மிதிக்க மிதிக்கக் கரும்புகை.

கேட்டவர்கள் எல்லாம் இரண்டே வழிதான் சொன்னார்கள். "டீசல் பம்பை இறக்கி டீசலைக் கூட்டு" என்றார் ஒருவர். "ஏர் கிளீனர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பு பில்டர் மாட்டு" என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்த வேலைதான் கீழே இருப்பது. வண்டி 2012 மாடல், புகை விதியில் பி.எஸ்-3. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் உள்ளது. டர்போ வைத்த பழைய டீசல் வண்டி எதற்கும் இதே முறைதான். பி.எஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் ஏர் கிளீனருக்குள் இருக்கும் வடிகட்டியை, அதாவது எலிமெண்டை, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது, கை வைத்தால் வேறு செலவு வரும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றுக் கதவு திறக்கிறது. நம் வண்டியில் அப்படி இல்லை. காற்று எப்போதும் முழுசாகத்தான் போகிறது, மிதிப்பது டீசலுக்கு மட்டும். ஆகவே காற்றை மட்டும் கூட்டினால் பவர் தானாக வராது. ஆனால் வர வேண்டிய காற்று குறைந்தால், ஊற்றிய டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும், இன்ஜின் சூடேறும், இழுவை போகும். என் வேலை புதிதாக எதையும் கூட்டுவது இல்லை. கம்பெனி கொடுத்த காற்று எங்கே களவு போகிறது என்று கண்டுபிடிப்பது.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,956 சிசி இன்ஜின், நான்கு ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதில் பாதி, 1,400 முறை, அது தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நான்கு, ஒரே நிமிடத்தில் காலி. டர்போ அழுத்துவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அவ்வளவும் அந்த ஒரு காகித எலிமெண்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, அளப்போம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் மூன்று மீட்டர் வாங்கினேன், 60 ரூபாய். ஒரு மீட்டர் நீளப் பலகையில் அதை 'ப' எழுத்து மாதிரி வளைத்து, இரண்டு காலும் நேராக நிற்கும்படி கட்டினேன். பாதி உயரத்துக்குத் தண்ணீர், கண்ணுக்குத் தெரிய நாலு சொட்டு நீலம். ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாயில் ஒரு சிறு முனை இருக்கும், அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் உட்காரும் இடம். இண்டிகேட்டரைக் கழற்றி, டியூபின் ஒரு முனையை அங்கே மாட்டினேன். இன்னொரு முனை திறந்தே இருக்க வேண்டும். நடுவில் ஒரு காலி பாட்டிலை இணைப்பது முக்கியம். தப்பித்தவறித் தண்ணீர் மேலே ஏறினாலும் அது பாட்டிலில்தான் விழும், டர்போவுக்குப் போகாது. பாட்டில் கெட்டியானதாக இருக்கட்டும், மெல்லிய தண்ணீர் பாட்டில் உறிஞ்சலில் சப்பிவிடும்.

வீட்டு வாசலில் வெறுமனே ரேஸ் கொடுத்துப் பார்த்தால் டர்போ வண்டியில் சரியான அளவு கிடைக்காது. லோடு ஏற்றி மேட்டில் ஏற வேண்டும். மச்சானைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துப் பலகையை மடியில் கொடுத்தேன். "இது என்ன மாமா, ஆஸ்பத்திரி சமாச்சாரம் மாதிரி இருக்கு" என்றான். அப்படித்தான், இதுவும் ஒரு பி.பி. பார்க்கிற வேலை. இரண்டு காலிலும் தண்ணீர் நிற்கும் உயர வித்தியாசம்தான் கணக்கு. பல டீசல் வண்டிகளில் 500 முதல் 625 மில்லிமீட்டர் வந்தால் எலிமெண்டை மாற்ற வேண்டும் என்பது வழக்கம். எனக்கு 560 வந்தது. அந்த எலிமெண்ட் வெளியே பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது.

அடுத்தது சூடு. பிரிட்ஜில் வைக்கிற, ஒயர் நீட்டிய தெர்மாமீட்டர் 150 ரூபாய். ஒயர் முனையைக் கிளீனர் காற்று இழுக்கும் வாயில் கட்டிவிட்டுப் போனேன். வெளியே 36 டிகிரி, வாயில் 64. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் காரணம் தெரிந்தது: எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எதற்காகவோ வெளிக்காற்றைக் கிளீனருக்குக் கொண்டுவரும் வாய்க்குழாயைக் கழற்றிவிட்டார். வண்டி இன்ஜின் பக்கத்து அனல் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. மூன்று டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு குறையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரிக்கு எட்டு ஒன்பது பங்கு போய்விட்டது. மலை உச்சிக்குப் போனால் அங்கே இயற்கையாகவே காற்று மெலிவு. அதற்கு மேல் இது வேறு.

எலிமெண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். டீக்கடையில் வண்டி நின்றால் எலிமெண்டைக் கழற்றி டயரில் நாலு தட்டு தட்டுவோம். தூசி கொட்டும், மனசுக்குத் திருப்தி. ஆனால் தட்டும்போது ஓரத்துத் தகடு நசுங்கும், ரப்பர் வளையம் ஒரு பக்கம் சப்பையாகும். அப்புறம் அந்த இடுக்கு வழியாகத் தூசி பில்டரைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகும். காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 பிஎஸ்ஐக்குள், முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் 120-இல் நிற்கும், அதை அப்படியே அடித்தால் காகிதம் கிழியும். தண்ணீர், பெட்ரோல், டீசல் எதிலும் கழுவக் கூடாது. அடித்த பிறகு இருட்டு அறையில் எலிமெண்டுக்குள் டார்ச் விட்டு வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தாலும் அது குப்பைக்கு. வாரா வாரம் ஊதுவதும் வேண்டாம். லேசாகத் தூசி படிந்த காகிதம் புதுசை விட நன்றாக வடிகட்டும்.

உள் எலிமெண்ட் ஒன்று இருக்கும், சின்னது. அதை ஊதவே கூடாது, வெளி எலிமெண்டை மூன்று முறை மாற்றினால் அதை ஒரு முறை மாற்றுவது வழக்கம். வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றித் தூக்கிப் போட்டார்கள். "இழுவை கூடும்ணே" என்றார்கள், நானும் தலையாட்டினேன். எட்டு மாதத்தில் டர்போவின் காற்றுப் பக்கத்து இறக்கை முனைகள் தேய்ந்து, ரம்பம் போலாகிவிட்டன. கிரஷர் பாதையில் ஓடுகிற வண்டிக்கு எம்-சாண்ட் தூசி என்பது உப்புத்தாள் பொடி மாதிரி. ரீகண்டிஷன் டர்போவுக்கு 14,000 ரூபாய் அழுதேன். கூம்பு பில்டர் யோசனையை நான் கேட்காததற்குக் காரணமும் இதுதான். பானெட்டுக்குள் மூடியில்லாமல் தொங்கும் பில்டர், அனல் காற்றையும் இழுக்கும், நம் ஊர்த் தூசிக்கும் தாங்காது.

வெளி, உள் இரண்டும் புதிதாக வாங்கினேன், 1,150. டப்பாவின் அடியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும், தங்கிய தூசியைக் கொட்டுவதற்கு. என்னுடையது வாய் பிளந்து கிடந்தது. 60 ரூபாய்தான். வாரம் ஒரு முறை அதை விரலால் நசுக்கிவிட்டால் ஒரு பிடி மண் கொட்டும்.

அப்புறம் ஒழுகல். இதில் இரண்டு வகை. டர்போவுக்கு முன்னால் ஓட்டை இருந்தால் தூசியை உறிஞ்சும், சத்தமே வராது. கண்டுபிடிக்க, டர்போ வாயில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் துடையுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். மண் நெறுநெறுத்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது. துடைத்துவிட்டு உள்சுவரில் மெல்லியதாக கிரீஸ் தடவி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தூசி கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் ஹோஸின் வளைவில் ஒரு வெடிப்பு, கையால் மடக்கினால்தான் தெரிந்தது. புது ஹோஸ் துண்டு 300.

டர்போவுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அழுத்திய காற்று வெளியே போகும். இதற்கு நானே ஒரு கருவி செய்தேன். ஹோஸுக்குள் பொருந்துகிற பிவிசி எண்ட் கேப், அதன் நடுவில் 11.5 மி.மீ. துளை, அதில் ட்யூப்லெஸ் டயர் வால்வு. மொத்தம் 70 ரூபாய். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கிளீனர் பக்கத்து ஹோஸ் முனையில் கேப்பைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்கி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் அந்த ஹோஸில் வந்து சேர்ந்தால் அதைக் கழற்றி அந்தத் துளையையும் அடைத்துவிட்டு, கால் பம்ப்பால் 8 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கேப்புக்கு நேராக முகத்தைக் காட்டாதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்தால் பல் போகும். பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். இன்ஜினில் திறந்திருக்கும் வால்வு வழியாக உள்ளே கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டர்கூலரின் கீழ் ஹோஸில் நுரை பொங்கியது. எண்ணெய்க் கசிவில் கருப்புத் தூசி ஒட்டியிருந்த இடம், முன்பே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திருகி இறுக்கும் புழு கிளாம்ப்பை யாரோ இறுக்கி இறுக்கி ரப்பரை அறுத்திருந்தார்கள். ஓரத்தை வெட்டிவிட்டு, டி-போல்ட் கிளாம்ப் இரண்டு போட்டேன், 160. இன்டர்கூலர் முகத்தில் அப்பியிருந்த பூச்சியையும் சேற்றையும் வீட்டுத் தோட்டக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். பிரஷர் வாஷர் அடித்தால் இறக்கைகள் மடங்கிவிடும்.

கடைசியாக வாய்க்குழாய். இதில் நான் முட்டாள்தனம் ஒன்று செய்தேன். தோட்டத்துக்கு வாங்கி மிச்சமிருந்த 90 மி.மீ. பிவிசி குழாயை வளைவு வைத்து பானெட்டுக்குள் ஓட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது நடையில், மேலே ஏறி முடிக்கும்போது வண்டி மறுபடி திணறியது. திறந்து பார்த்தால், இன்ஜின் சூட்டில் குழாய் இளகி, உறிஞ்சலில் உள்வாங்கி, வாழைப்பூ மடல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. கிளீனருக்கு முன்னால் இருக்கும் குழாய் என்பதால் தப்பித்தேன். டர்போவுக்குப் பின்னால் பிவிசியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பிறகுதான் புத்தி வந்தது. நாமக்கல்லில் பழைய வண்டி உடைக்கிற கடையில் இதே மாடலின் ஒரிஜினல் வாய்க்குழாய் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய ஆணித் துளைகளிலேயே உட்கார்ந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லியிருக்கிறது. ஒரிஜினலை மாட்டினால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனையில் யாரும் கேள்வி கேட்க முடியாது. நீங்கள் வேறு குழாய் வைப்பதாக இருந்தாலும், கிளீனர் வாயை விடச் சிறுத்துவிடக் கூடாது, வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும், முனை சைலன்ஸரையோ சக்கரத்துப் புழுதியையோ பார்க்கக் கூடாது. உயரமும் முக்கியம். தேங்கிய தண்ணீரில் வாய் முழுகினால் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். குழாயின் அடிவளைவில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் மழைத்தண்ணீர் வடியும். பூச்சி வராமலிருக்கக் கொசுவலை கட்டுகிறார்கள், இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் கண் உள்ள வலை போதும்.

திரும்பப் பலகையோடு மலையேறினோம், அதே லோடு, அதே மச்சான். தண்ணீர் வித்தியாசம் 290. வாயில் சூடு வெளியே இருப்பதை விட நாலு டிகிரிதான் அதிகம். முப்பதாவது வளைவு தாண்டியும் கண்ணாடியில் பின்னால் வருகிறவன் முகம் தெரிந்தது. முன்பு மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கிய இடங்களில் பாதியில் இப்போது இறக்க வேண்டியதில்லை. மீதிப் பாதியில் இறக்கத்தான் வேண்டியிருக்கிறது. இது 407, ரேஸ் வண்டி அல்ல. சமவெளியில், காலி வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு செய்தும் புகை நிற்கவில்லை என்றால் அப்போது டீசல் பம்ப்பையும் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் பாருங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஹோஸைக் கழற்றி வைத்திருக்கும் நேரமெல்லாம் டர்போ வாயில் ஒரு சுத்தமான துணியை அடைத்து வையுங்கள், ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. அந்தத் துணியை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தாலும் அதே கதைதான். நான் துணியின் நுனியில் நீளக் கயிறு கட்டி, கயிற்றின் மறு முனையில் வண்டிச் சாவியைக் கட்டித் தொங்க விடுவேன்.