ஹயரா, ரென்டா, லீஸா, லெட்டா: எதை எங்கே எழுதுவது?

அகராதியைத் திறந்தால் ஹயர் என்றாலும் வாடகை, ரென்ட் என்றாலும் வாடகை, லெட் என்றாலும் வாடகை என்றுதான் போட்டிருக்கும். அதை அப்படியே நம்பி ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினால், படிப்பவருக்கு நீங்கள் வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்பதே புரியாமல் போகலாம். இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். சொல்லைத் தேடுவதற்கு முன்னால், கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், எவ்வளவு காலத்துக்கு என்று மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் படிக்கப்போகிறவர் பிரிட்டிஷ் ஆங்கிலம் பழகியவரா அமெரிக்க ஆங்கிலம் பழகியவரா என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரென்ட் என்பதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். தமிழில் வாடகைக்கு விட்டேன், வாடகைக்கு எடுத்தேன் என்று வினைச்சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில ரென்ட் அப்படியில்லை, கொடுப்பதற்கும் அதே சொல், வாங்குவதற்கும் அதே சொல். ‘வீ ரென்டட் தி ஹவுஸ் லாஸ்ட் இயர்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் போன வருஷம் அந்த வீட்டில் இவர்கள் குடியிருந்தார்களா, இல்லை தங்கள் வீட்டை இன்னொருவருக்கு விட்டார்களா என்பதற்குப் பதிலும் இல்லை. சரிசெய்வது சுலபம். நீங்கள் விட்டவர் என்றால் ரென்ட் அவுட் என்று எழுதுங்கள், அல்லது யாருக்கு என்பதை டு போட்டுச் சேர்த்துவிடுங்கள். எடுத்தவர் என்றால் யாரிடமிருந்து என்பதை ஃப்ரம் போட்டுச் சொல்லுங்கள். ‘வீ ரென்டட் அவுட் தி ஹவுஸ்’ என்று ஒரு அவுட் சேர்ந்ததும் சந்தேகம் போய்விடுகிறது. தொலைபேசியில் பேசும்போது இதெல்லாம் தானாகப் புரிந்துவிடும், ஆனால் எழுத்தில், அதுவும் பணம் கைமாறும் விஷயத்தில், இந்தச் சின்னச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

லெட் இதற்கு நேர் எதிர். அது உரிமையாளர் பக்கம் மட்டுமே நிற்கும் சொல். குடிபோகிறவர் ‘ஐ லெட் எ ஃபிளாட்’ என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும், தன் ஃபிளாட்டை வேறொருவருக்கு விட்டேன் என்று ஆகிவிடும். இது பிரிட்டனில் அதிகம் புழங்குகிறது. அங்கே வீட்டு வாசலில் டு லெட் என்று பலகை தொங்கும், அமெரிக்காவில் அதே இடத்தில் ஃபார் ரென்ட். நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்துபோனது எல்லாவற்றுக்கும் வடிவம் லெட்தான், லெட்டட் என்று ஒன்று கிடையாது. வாடகைக்கு இருப்பவர் அதையே மூன்றாம் ஆளுக்கு விட்டால் அது சப்லெட். வேலை சம்பந்தமான கடிதத்தில் லெட் கோ என்று வந்தால் மட்டும் உஷாராகப் படியுங்கள், அது ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதை மென்மையாகச் சொல்லும் வழி.

இனி ஹயர். இங்கேதான் ஆங்கிலமே இரண்டாகப் பிரிகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கொஞ்ச நேரத்துக்கோ சில நாளைக்கோ பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினால் அது ஹயர்: கார், சைக்கிள், கல்யாணத்துக்குக் கோட் சூட், ஒரு மாலை விழாவுக்கு மண்டபம். மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே நீண்ட நாள் வைத்துக்கொண்டால் ரென்ட்: வீடு, கடை, தொலைபேசி இணைப்பு. அமெரிக்கர்களுக்கு இந்தப் பிரிவு கிடையாது. பொருள் எதுவானாலும் ரென்ட், ஹயர் என்றால் பெரும்பாலும் ஆளை வேலைக்கு எடுப்பதுதான். அதனால்தான் விமான நிலையத்தில் ஒரு நாட்டில் கார் ஹயர் என்றும் இன்னொரு நாட்டில் கார் ரென்டல் என்றும் பலகை இருக்கிறது. இரண்டும் ஒரே சேவைதான்.

குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் எந்த ஊர் ஆங்கிலத்திலும் ஹயர் போடாதீர்கள். ஒரு நாள் கூட்டத்துக்கு ஒரு அறையை ஹயர் பண்ணலாம், அதே அறையில் தங்கி வாழ்வதென்றால் ரென்ட். ஹயர் பர்ச்சேஸ் என்ற பிரிட்டிஷ் வழக்கும் இந்தப் பொருளிலிருந்துதான் வருகிறது. கடைசித் தவணை கட்டும் வரை பொருள் உங்களுடையது இல்லை, அதுவரை வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது கணக்கு.

லீஸ் என்றால் நீண்ட காலம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அதைவிட முக்கியம், அதில் காலமும் நிபந்தனைகளும் எழுதிக் கட்டுப்பட்டிருப்பது. அமெரிக்காவில் காரை ஒரு நாளோ ஒரு வாரமோ எடுத்தால் ரென்ட், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு மாதத் தொகை கட்டித் திருப்பிக் கொடுத்தால் லீஸ். இங்கிலாந்தில் 99, 125, 999 வருஷ லீஸில் வீடு வாங்குகிறவர்கள்கூட உண்டு, அதற்கு லீஸ்ஹோல்ட் என்று பெயர். லீஸ் என்ற சொல்லுக்குள் வாடகைப் பணம் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 1898இல் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரிஸ் பகுதியைச் சீனாவிடமிருந்து பிரிட்டன் 99 வருஷத்துக்கு எடுத்துக்கொண்டது, வாடகை எதுவும் தராமலே, ஆனால் அதுவும் லீஸ்தான், அந்தக் காலக்கெடு முடிந்தது 1997இல். லீஸும் ரென்ட் மாதிரி இரண்டு பக்கமும் பாயும், ஆகவே டு, ஃப்ரம், அவுட் எல்லாம் இதற்கும் வேண்டும். பத்திரங்களில் லெசார், லெசீ என்று வந்தால், லெசார் கொடுப்பவர், லெசீ பெறுபவர். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டில் நீங்கள் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கப்பல், விமானம், பேருந்து முழுவதையும் நமக்கே என்று எடுத்தால் சார்ட்டர். ஒரு இருக்கை மட்டும் என்றால் அது வெறும் டிக்கெட் புக்கிங், அங்கே சார்ட்டர் என்று எழுதக்கூடாது.

ஆட்களுக்கு வருவோம். தமிழ் ‘அமர்த்து’ ஹயருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. வக்கீலையும் அமர்த்தலாம், வண்டியையும் அமர்த்தலாம். ஆனால் ஹயர் ஒரு நிகழ்ச்சி, அந்த நாளோடு முடிந்துபோகிற செயல். வேலையில் இருந்துகொண்டிருக்கும் நிலைக்கு எம்ப்ளாய். 2015இல் ஒரு நிறுவனம் உங்களை எடுத்தது என்றால் அங்கே ஹயர், இன்றுவரை அங்கேயே இருக்கிறீர்கள் என்றால் எம்ப்ளாய்ட். ‘ஐ ஹேவ் பீன் ஹயர்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று பயோடேட்டாவில் எழுதினால் படிப்பவர் காதில் உறுத்தும், அங்கே எம்ப்ளாய்ட்தான் பொருந்தும். நிறுவனம் வீ ஆர் ஹயரிங் என்று அறிவித்தால் காலியிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பாயின்ட் கொஞ்சம் மேலே நிற்கும் சொல். நீதிபதி, தூதர், இயக்குநர், தலைமை ஆசிரியர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு பதவி இருக்க வேண்டும், அதில் ஒருவரை உட்கார வைக்கிறார்கள், நாம் நியமனம் என்கிறோமே அது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரை அப்பாயின்ட் பண்ணினேன் என்றால் பொருந்தாது, ஹயர் போதும். ரெக்ரூட் என்பது தேடிப்பிடித்துச் சேர்ப்பது, ராணுவத்துக்கும் கட்சிக்கும் சம்பளமில்லாத தொண்டர் வேலைக்கும்கூட அது பொருந்தும். பேச்சு வழக்கில் டேக் ஆன் என்பார்கள், ஆள் எடுத்தோம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது போல.

வக்கீல், ஆலோசகர் போன்றவர்களுக்கு எங்கேஜ் என்று முறையான கடிதங்களில் எழுதுவார்கள். ஆனால் ‘ஐ ஆம் எங்கேஜ்ட்’ என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள், உங்களுக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது என்றுதான் புரிந்துகொள்வார்கள். ரிடெயின் இன்னும் குறுகலானது. தேவைப்படும்போது நம் வேலைக்கு வர வேண்டும் என்று முன்பணம் கொடுத்து வக்கீலைக் கையில் வைத்துக்கொள்வது அது, அந்தப் பணத்துக்கு ரிடெயினர் என்று பெயர். ஆனால் ஒரு மேலாளர் ஊழியர்களை ரிடெயின் பண்ண வேண்டும் என்று எழுதினால் புதிதாக யாரையும் எடுப்பதாக நினைக்காதீர்கள், இருப்பவர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.