முட்டு அடிபட்டு திரும்ப மலை சைக்கிள் ஏறுறவங்க செய்ற தப்புகள்: ஏறுறதுல இல்ல, இறங்குறதுலதான் மாட்டும்

எனக்கு முட்டு போனது பெரிய குதியிலயும் இல்ல, வேகத்துலயும் இல்ல. குமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்து மண்பாதை, ஆவணி மாசம், நடக்கிற வேகத்துல பைய இறங்கிட்டு இருந்தேன், முன் டயர் ரப்பர் கொட்டை மேல ஏறிச்சு. அது கோலிக்குண்டு மாதிரி வழுவழுன்னு உருளும்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்கு சொல்லவே வேண்டாம். விழாம இருக்க இடது கால ஊணுனேன், பாதம் ஈரச் செம்மண்ணுல பதிஞ்சு அப்படியே நின்னுட்டு, உடம்பும் சைக்கிளும் வலது பக்கமா திரும்பிட்டு, முட்டுக்குள்ள டொப்புன்னு ஒரு சத்தம். வலி அதுக்கு அப்புறந்தான் வந்துச்சு. ஸ்கேன்ல பாத்தா ஏசிஎல், அதாவது முட்டுக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேத்துப் பிடிக்கிற நாண், முழுசா அறுந்து போயிருக்கு, மெனிஸ்கஸ்ல, அதாவது அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்புல, ஓரமா ஒரு கிழிசல். நம்ம ஊர்ல எல்லாத்தையும் சேத்து ஜவ்வு கிழிஞ்சிட்டுன்னு ஒரே வார்த்தையில சொல்லிருவாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது மாசம் அவசரப்பட்டு திரும்ப ஏறுனேன், முட்டு பலாக்காய் மாதிரி வீங்கிச்சு, அடுத்த ஆறு வாரம் திரும்பவும் வீட்டுலதான். இப்ப ரெண்டு மூணு பேரு அதே மாதிரி அடிபட்டு எப்ப ஏறலாம் எப்ப ஏறலாம்னு எங்கிட்ட கேக்குறாங்க, அவங்க ஒவ்வொருத்தரும் நான் பண்ணுன அதே தப்ப பண்ண தயாரா நிக்கிறத பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

முதல் தப்பு, வலி போயிட்டுன்னா ஆறிட்டுன்னு நினைக்கிறது. ஏசிஎல் ஆபரேஷன்ல நம்ம தொடைப்பின்னாலயோ முட்டுக்கு முன்னாலயோ இருந்து ஒரு நரம்பு மாதிரி தசைநாண எடுத்து உள்ள வச்சு தைக்கிறாங்க. அது வச்ச அன்னைக்கு இருந்த பலம் நாள் போகப்போக கூடும்னுதான் நாம நினைப்போம், ஆனா உடம்பு அத தன்னோடதா மாத்திக்கிற வேலைய ஆரம்பிக்கும்போது முதல் மூணு மாசத்துக்குள்ள அது முன்ன இருந்தத விட பலம் குறைஞ்சுதான் நிக்கும். சரியா அந்த நேரத்துலதான் வீக்கம் வத்தி, வலி போயி, நடை நேராகி, நமக்கு கைகால் பரபரன்னு வரும். இதுல இருந்துதான் எல்லா கேடும் ஆரம்பம்.

நார்வேயில பண்ணி 2016ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, ஃபுட்பால், ஹேண்ட்பால் மாதிரி காலத் திருப்பி ஆடுற விளையாட்டுக்காரங்கள வச்சு பண்ணுனது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்பது மாசம் வரைக்கும் விளையாட்டுக்கு திரும்புறத ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டு அடிபடுறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. மாசம் மட்டும் போனா போதாது, அடிபட்ட கால் தொடையோட பலம் நல்ல கால்ல 90 சதவீதமாவது வந்திருக்கணும்னும் பிசியோ சொல்லுவாங்க, அதையும் சேத்து பாருங்க. எனக்கு அஞ்சாவது மாசம் ரெண்டு தொடைக்கும் முட்டுச் சில்லுக்கு மேல ஒரு சாண் தள்ளி தையல் டேப் வச்சு அளந்தா இடது தொடை மூணு சென்டிமீட்டர் குறைவு, அத கண்ணால பாத்துட்டும் ஏறுனேன்.

இனி சொல்றதுதான் முக்கியமான விஷயம், இத யாரும் எனக்கு முன்னாடியே விளக்கமா சொல்லல. "சைக்கிள் முட்டுக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, டாக்டர் சொன்னது சத்தியந்தான், ஆனா அவரு சொன்னது வீட்டுக்குள்ள ஸ்டாண்டு போட்டு மிதிக்கிற சைக்கிள். பெடல் மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி தள்ளும், அவ்வளவுதான், இழுபட்டுக்கிட்டே எடை தாங்குற வேலை அதுக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மலைப்பாதையில இறங்கும்போது நடக்கிறது நேர் எதிர். சீட்டுல இருந்து எழும்பி ரெண்டு பெடலும் மட்டமா வச்சு, முட்டு பாதி மடங்குன நிலையில, ஒவ்வொரு கல்லுக்கும் வேருக்கும் உடம்பு கீழ இறங்குறத தொடை தாங்கிப் பிடிக்கணும், நிறுத்தணும், திரும்ப எழுப்பணும். அந்தப் பலம் மிதிச்சு மிதிச்சு வராது. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரிக்கு ரோட்டுல போயிட்டு வந்தா 40 கிலோமீட்டர், நான் அத வாரத்துக்கு மூணு நாள் சுலபமா போயிட்டு வந்துட்டு, இனி என்ன, காலு சரியாயிட்டுன்னு நினைச்சேன். அடுத்த வாரம் தோட்டத்துப் பாதையில பத்து நிமிஷ இறக்கத்துல கால் நடுங்கிச்சு, முட்டு உள்பக்கமா சாயுறது எனக்கே தெரிஞ்சுது.

அத எப்படி வளக்குறதுன்னா, படியிலதான். எங்க வீட்டு முன்வாசல் படி ஒரு சாணுக்கு கொஞ்சம் குறைவு, அதுல அடிபட்ட கால வச்சு நின்னு, நல்ல கால முன்னால காத்துல விட்டு, மனசுக்குள்ள நாலு எண்ணி குதிங்கால் தரையில தொடுற வரைக்கும் பைய இறக்கணும், தொட்ட உடனே திரும்ப ஏறணும். செய்யும்போது முட்டு ரெண்டாவது கால்விரலுக்கு நேரா நிக்கணும், பெருவிரலத் தாண்டி உள்ள சாஞ்சா அந்தத் தடவைய எண்ணாண்டாம். பிசியோ அக்கா என் முட்டுச் சில்லு மேல ஒரு பொட்டு ஒட்டி, எதிர்ல கண்ணாடிய சாச்சு வச்சு, "தம்பி, பொட்டு போற வழிய மட்டும் பாரு, வேற எதையும் பாக்காண்டாம்"னு சொன்னாங்க. அந்தப் பொட்டு முதல் வாரம் பாம்பு மாதிரி வளைஞ்சுதான் இறங்கிச்சு, நேர்கோட்டுல இறங்க எனக்கு ஏழு வாரம் ஆச்சு. இதுகூட ஒத்தக் கால்ல நாற்காலியில இருந்து எழும்புறது, தொடைப்பின் தசைக்கு தனியா பயிற்சி, எல்லாம் உங்க பிசியோ சொல்ற கணக்குல. மெனிஸ்கஸ் தைச்சவங்களுக்கு முதல் சில வாரம் எடை வச்சு 90 டிகிரிக்கு மேல மடக்க விடமாட்டாங்க, பெடல் முழு சுத்து சுத்த 110 டிகிரி பக்கத்துல மடங்கணும், அதனால ஸ்டாண்டு சைக்கிள்கூட அவங்களுக்கு பிந்தித்தான், அடுத்தவன் கணக்க பாத்து நீங்க தொடங்காண்டாம்.

படின்னு சொன்னதும் இன்னொண்ணு. காலு எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பாக்குறேன்னு கன்னியாகுமரி பக்கத்துல இருக்கிற மருந்துவாழ்மலை ஏறிட்டு வர்ற ஆளுக இருக்காங்க. ஏறும்போது ஒண்ணும் தெரியாது, மேல நின்னு கடலையும் தென்னந்தோப்பையும் பாக்கும்போது சந்தோஷமா இருக்கும், கீழ இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் உடம்பு எடைய விட பல மடங்கு பாரம் சில்லுக்குப் பின்னால விழும். சோதனைக்கு வீட்டுப் படி போதும்.

எண்ணெய் போட்டு உழியுற விஷயத்த கொஞ்சம் பொறுமையா கேளுங்க. வர்மமும் ஆசான் வைத்தியமும் நம்ம குமரி மாவட்டத்து சொத்து, எங்க தாத்தாவுக்கு தோள் எறங்குனப்ப ஆசான்தான் சரியாக்குனாரு, எனக்கு அதுல மரியாதை உண்டு. ஆனா ஆபரேஷன் பண்ணி வீங்கி இருக்கிற முட்ட அழுத்தி உழிய விடாதீங்க, அதுக்கு முந்தி ஆபரேஷன் பண்ணுன டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. அதவிட பெரிய விஷயம், ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரங்கள்ல கெண்டைக்கால் திடீர்னு வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா, அது ரத்தக்கட்டியா இருக்கலாம். அத தைலம் போட்டு தேய்க்கவே கூடாது, கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனா உயிருக்கே ஆபத்து, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

சைக்கிளுக்கு வருவோம். அடிபட்ட பிறகு பயத்துல சீட்ட தாழ்த்தி வைக்கிறது எல்லாரும் பண்றது, ரெண்டு காலும் தரையில எட்டுனா தைரியமா இருக்கும்ல. ஆனா சீட்டு தாழ்ந்தா ஒவ்வொரு மிதிக்கும் முட்டு அளவுக்கு மேல மடங்கும், சில்லு தொடை எலும்போட அழுந்தி உரசும், பத்து நாள்ல முன்முட்டு வலி வரும், நாம ஆபரேஷன் கெட்டுப்போயிட்டுன்னு பயப்படுவோம். பெடல் கீழ இருக்கும்போது குதிங்கால் வச்சா கால் நேரா இருக்கணும், முன்பாதம் வச்சு மிதிக்கும்போது முட்டு 25ல இருந்து 35 டிகிரி மடங்கி இருக்கணும், அதுதான் சரி. முன்னால வலிச்சா சீட்டு தாழ்வு, பின்னால வலிச்சா சீட்டு உயரம், பெரும்பாலும் இதுதான் கணக்கு. ட்ராப்பர் போஸ்ட், அதாவது ஓட்டும்போதே சீட்ட ஏத்தி இறக்குற தண்டு, வச்சிருக்கவங்க இறக்கம் முடிஞ்ச உடனே சீட்ட ஏத்த மறக்காண்டாம், தாழ்ந்த சீட்டோட ரெண்டு கிலோமீட்டர் மிதிச்சிட்டு வர்றது முட்டுக்கு நல்லதே இல்ல.

கியர் விஷயத்துல நம்ம ஆம்பிளைகளுக்கு ஒரு வீம்பு உண்டு, பெரிய கியர்ல மெதுவா அழுத்தி மிதிக்கிறதுதான் பலம்னு. நிமிஷத்துக்கு 50 சுத்து அழுத்தி மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் முட்டுல விழுற பாரம் கூடுதல், 80, 90 சுத்து லேசா மிதிச்சா அதே தூரத்துக்கு முட்டு தப்பிக்கும். முன்னால மூணு பல்சக்கரம் இருந்தா சின்னத போட வெக்கப்படாதீங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனில இருந்து ஆவணி வரைக்கும் கணவாய்க்காத்து அடிக்கும், காத்தாடி சும்மாவா அங்க நட்டு வச்சிருக்காங்க, அந்த எதிர்காத்துல சமதளமே ஏத்தம் மாதிரிதான். சமதளந்தானேன்னு அங்க போயி முட்டு வீங்கி வந்தவங்க உண்டு. கடற்கரை மணலும் அப்படியே.

திரும்ப தொடங்க நான் சொல்ற இடம் சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயோட கரை. தோவாளை சானல், அனந்தனாறு, பட்டணங்கால், எந்தக் கரையா இருந்தாலும் சரி, மண்ணு கெட்டியா இருக்கிற வறண்ட நாள்ல, ஆள் நடமாட்டம் குறைஞ்ச துண்டா பாத்து 30 நிமிஷம். ஏத்தமும் இல்ல இறக்கமும் இல்ல, ஆனா சின்னச் சின்ன குலுக்கல் உண்டு, தொடைக்கு அதுதான் முதல் பாடம். அங்க மூணு நாலு வாரம் முட்டு வீங்காம ஓட்டுனா அப்புறம் அகலமான தோட்டத்து ரோடு, அதுக்கு அப்புறந்தான் ஒத்தையடிப் பாதை. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம்னு மேல போறவங்க வனத்துறை அனுமதி வேணுங்கிற இடத்துல கேட்டுட்டே போங்க, காட்டுக்குள்ள முட்டு மாட்டுனா தூக்கிட்டு வர ஆள் கிடைக்காது.

மழைக்கு அப்புறம் ஒரு வாரமாவது விடுங்க. நமக்கு ரெண்டு மழை, ஆனியில ஒண்ணு ஐப்பசியில ஒண்ணு, செம்மண் பாறையில பாசி பிடிச்சா பச்சையா தெரியாது, கருப்பா காஞ்ச மாதிரியே இருக்கும், மேல டயர் ஏறுனா ஐஸ்தான். மழை போயி ரப்பர் இலை உதிர்ற சமயத்துல பாதை முழுக்க சருகு மூடிரும், அடியில வேரும் கல்லும் கண்ணுக்கு தெரியாது, அப்பவும் புதுசா தொடங்காண்டாம்.

கால் ஊணுற பழக்கத்த மாத்துறதுதான் எனக்கு ரொம்ப நாள் எடுத்துச்சு. முட்ட அறுக்கிறது விழுறது இல்ல, விழாம இருக்க ஒத்தக் கால ஊணி உடம்ப திருப்புறது. அதனால ஒரு புல்தரையில, நடக்கிற வேகத்துல, நிறுத்தி நல்ல கால முதல்ல இறக்குறத நூறு தடவ பழகுங்க, அப்புறம் ரெண்டு பக்கமும். வண்டி சாயும்போது கால நீட்டாம கைய விட்டு வண்டிய போக விடுறதையும் அங்கயே பழகுங்க, முதல்ல மனசு ஒத்துக்காது, வண்டி வாங்குன காச நினைக்கும், ஆனா ஹேண்டில்பார் வளைஞ்சா மாத்திரலாம். க்ளீட் ஷூ, அதாவது பெடல்ல மாட்டிக்கிற ஷூ, போடுறவங்க முதல் சில மாசம் தட்டையான பெடலுக்கு மாறுங்க, க்ளீட்ட கழத்த குதிங்கால வெளிய திருப்பணும், அந்தத் திருப்பு அப்படியே முட்டுலதான் ஏறும். பிறகு போட்டாலும் பிடிப்ப இருக்கிறதுலயே லேசா வைங்க.

வலி மாத்திர போட்டுட்டு கிளம்பாதீங்க, வலிதான் நமக்கு கிடைக்கிற ஒரே தகவல், அதையும் அணைச்சிட்டு போனா எங்க நிறுத்தணும்னு எப்படி தெரியும். முட்டுக்கு பெல்ட் போட்டா தைரியம் வரும், பலம் வராது.

கடைசியா, ஓட்டிட்டு வந்த அன்னைக்கு முட்டு எப்படி இருக்குன்னு பாத்து முடிவெடுக்காதீங்க, அடுத்த நாள் காலையில பாருங்க. படுக்கையில கால நீட்டி, முட்டுச் சில்லுக்கு ரெண்டு பக்கமும் சின்னதா குழி தெரியுதா, நல்ல கால்ல தெரியுற அதே அளவு தெரியுதான்னு தடவிப் பாருங்க. குழி தெரிஞ்சா அடுத்த தடவை அஞ்சு பத்து நிமிஷம் கூட்டலாம். குழி நிரம்பி மொழுக்குன்னு இருந்தா உள்ள நீர் கோத்திருக்கு, நீர் கோத்த முட்டுல தொடைத் தசை தானாவே வேலை செய்யாம ஒதுங்கும், அந்த வாரம் வண்டிய தொடாண்டாம், வீக்கம் முழுசா வத்துனப்புறம் முந்தின அளவுல பாதியில இருந்து தொடங்குங்க. நடக்கும்போது முட்டு திடீர்னு பூட்டிக்கிட்டு நீட்ட முடியல, இல்லன்னா எதிர்பாராம மடங்கி ஆள கீழ விடுதுன்னா அதுக்கு பயிற்சியோ ஓய்வோ மருந்து இல்ல, உடனே டாக்டரப் போயி பாத்துருங்க.