ஸ்னோ டயர் சீக்கிரம் தேயாமல் இருக்க: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

கனடாவில் கார் வாங்கி, முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு ஸ்னோ டயர் வாங்குவது சின்னச் செலவு இல்லை. நாலைந்து குளிர்காலம் தாங்க வேண்டிய டயரைப் பலர் இரண்டே வருடத்தில் மொட்டையாக்கிவிட்டு, பனியில் ஓட்டியதால் தேய்ந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் கெடுப்பவை இரண்டு: காற்றுக் குறைவு, வெயில் வந்த பிறகும் கழற்றாமல் ஓட்டுவது.

1. மாட்டுவதற்கு முன்

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் அது ஸ்னோ டயர் இல்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். ஸ்னோ டயரின் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். அதனால் முதல் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்குப் பார்த்து எல்லாக் கடையிலும் கூட்டம் நிற்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை ஸ்னோ டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் மாட்டியிருந்தால் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கையும் மாட்டுங்கள், இரண்டு போதாது. மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

2. காற்று

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. வெப்பநிலை ஏறக்குறைய 5.5 டிகிரி இறங்கினால் டயரில் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 20 டிகிரி இருந்த நாளில் 33 அடித்தீர்கள் என்று வையுங்கள். மைனஸ் 10 அடிக்கும் ஜனவரிக் காலையில், ஓட்டை எதுவும் இல்லாமலே, அது 28-க்குக் கிட்ட வந்து நிற்கும். அப்போது டயரின் நடுப்பகுதி தரையைச் சரியாக அழுத்தாது. பாரம் முழுக்க இரண்டு ஓரங்களில் விழுந்து, ஓரங்கள் தேயும்.

டாஷ்போர்டில் டயர் விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அது பொதுவாக, இருக்க வேண்டிய அளவில் கால்வாசி குறைந்த பிறகுதான் எரியும். 33-க்கு 25 வரை இறங்க வேண்டும். அதுவரை டயர் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறையும், குளிர் திடீரென்று கூடும் வாரத்திலும் நீங்களே பாருங்கள். காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கிக் காரிலேயே போட்டு வையுங்கள்.

எவ்வளவு அடிப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேலே எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை அடித்தால் நடுப்பகுதி தேயும். கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளந்தால்தான் கணக்குச் சரி. ஓடி வந்த டயர் சூடாகி, கூடுதலாகக் காட்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கீழ்த்தளப் பார்க்கிங் 12 டிகிரி, வெளியே மைனஸ் 10 என்றால், வித்தியாசம் 22 டிகிரி. அங்கே அளந்து அடிப்பதானால் ஸ்டிக்கர் அளவைவிட 4 கூட்டி வையுங்கள். பனியில் பிடிப்பு வேண்டும் என்று காற்றை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. இங்கே வழக்கமான சாலையில் ஓட்டுபவருக்கு அது தேவையே இல்லை, டயருக்குக் கேடு.

அப்புறம் வால்வு மூடி. தொலைந்திருந்தால் உடனே வாங்கிப் போடுங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே போய் உறைந்தால் காற்று கசியும்.

3. ஓட்டும்போது

பனியில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் பனியை வாரிவிட்டு மெதுவாக எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் உறைந்து உருகிச் சாலையில் குழி விழும். பெரிய குழியில் இடித்த பிறகு கார் ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று) பாருங்கள். தள்ளிப்போட்டால் ஒரு ஓரம் மட்டும் வேகமாகத் தேயும்.

4. கழற்றுவது

ஸ்னோ டயரைக் கொல்வது ஏப்ரல், மே மாத வெயில். மிருதுவான ரப்பர் சூடான தாரில் விறுவிறுவென்று தேயும். இரவிலும் 7 டிகிரிக்கு மேலே நிலைத்துவிட்டால் கழற்றிவிடுங்கள். கோடையில் அதையே ஓட்டினால் மாற்றும் கூலி மிச்சம் என்பது தப்புக் கணக்கு.

கழற்றும்போது எந்த டயர் எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதுங்கள். அடுத்த முறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட அது வேண்டும். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் இடம் வலம் மாற்றக் கூடாது. பட்டன் (தரையில் படும் பகுதியில் உள்ள பள்ளம்) ஆழத்தையும் அளந்துவிடுங்கள்: புதிதில் 8, 9 மில்லிமீட்டர் இருக்கும், 4-க்குக் கீழே போனால் பனியில் அதை நம்ப முடியாது.

5. அடுக்கி வைப்பது

உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறுப்புப் பையில் கட்டுங்கள். பளபளப்புத் திரவம் எதுவும் பூச வேண்டாம். வெயில் படாத, குளுமையான மூலை நல்லது. சூடாக்கும் ஃபர்னஸ், மின் மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள்; மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயரை நிமிர்த்தி நிற்க வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.