இரண்டு ரிலே சேர்ந்து அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி. மூன்று கல்லூரிப் பையன்கள் ரிலே போர்டுகளோடு, அதாவது ஒரு ரேடியோ சிக்னலைக் கேட்டு அதை மறுபடி அனுப்பும் போர்டுகளோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "லேப்ல சூப்பரா வந்துச்சுண்ணா, இங்க பாக்கெட்டே வரல."

"லேப்ல ரெண்டு போர்டுக்கும் ஒரே கிளாக் கேபிளா?"

"ஆமாண்ணா."

என் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்தது. ஆன்டெனா லூஸ், பேட்டரி காலி போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஒரே கிளாக்கில் சோதிப்பது

நானும் இதைத்தான் செய்தேன். பெஞ்சில் இரண்டு போர்டுக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக், அதாவது அலைவரிசைக்குத் தாளம் கொடுக்கும் துடிப்பு. சிக்னல் ஆடாமல் நின்றது. மூன்று மாதம் அதை நம்பி, ஒன்றைக் காசிமேட்டு மாடியிலும் இன்னொன்றை ராயபுரத்திலும் ஏற்றினேன். ஒரு ரிலேயை அணைத்தால் டேட்டா வருகிறது, இரண்டையும் போட்டால் போய்விடுகிறது! புரோகிராமில் பிழை என்று இரண்டு வாரம் தேடினேன். வேலை கொடுத்தவர் அதற்குள் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்.

மாடியில் ஒவ்வொரு போர்டும் தன் சொந்தக் கிரிஸ்டல் கொடுக்கும் தாளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். ஆனால் 866 மெகாஹெர்ட்ஸில் அது 8,660 ஹெர்ட்ஸ். காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்து விசைப்படகுகளின் எஞ்சின்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால் சத்தம் ஏறி இறங்குமே, அதேதான். ஒரு பாக்கெட், அதாவது ஒரு தடவை அனுப்பும் டேட்டாத் துண்டு, 10 மில்லிசெகண்ட் என்றால் அதற்குள் சிக்னல் 86 தடவை அமுங்கி எழுகிறது. ரிசீவர் ஒரு விலகலைத் திருத்தினால் மற்றது விலகியே நிற்கும்.

அதனால் அனுப்பும் இடத்திலேயே திருத்துங்கள். ரிலே முதலில் மூலத்தின் (டேட்டாவை முதலில் அனுப்பும் போர்டின்) சிக்னலைக் கேட்டு, தன் விலகலை அளந்து, அதைக் கழித்துவிட்டு அனுப்பட்டும். அளவை அடிக்கடி எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே காலையில் எடுத்தது மத்தியான வெயிலில் செல்லாது. கையில் காசு இருந்தால் இரண்டுக்கும் ஜிபிஎஸ் கிளாக். மிச்சம் இருக்கும் சின்ன விலகலில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமலிருக்க, 1998-இல் அலமவுட்டி என்ற பொறியாளர் எழுதிய குறியீட்டை (இரண்டு ஆன்டெனாவிலிருந்து போகும் டேட்டாவை ரிசீவர் பிரித்தெடுக்க வைக்கும் முறை) இரண்டு ரிலேக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

தூர வித்தியாசத்தை மறப்பது

ரேடியோ அலை 1 மைக்ரோசெகண்டில் 300 மீட்டர் போகும். வைஃபை சிக்னல் துண்டுகளுக்கு நடுவே விடும் வழக்கமான 0.8 மைக்ரோசெகண்ட் இடைவெளி, ரிசீவரிலிருந்து இரண்டு ரிலேக்கும் உள்ள தூரத்தில் 240 மீட்டர் வித்தியாசம் வரைதான் தாங்கும். அதற்கு மேல், ஆடி மாசத்தில் தெருவின் இரு முனையிலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கதை.

கேட்டுக்கொண்டே அனுப்புவது

ஒரே அலைவரிசையில் வேண்டாம். சொந்தக் குரலே காதை அடைக்கும். மாறி மாறிச் செய்தால் வேகம் பாதியாகும், ஆகட்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 3-ஆம் சேனல்

பக்கத்து வைஃபைகள் வழக்கமாக நிற்கும் 1-ஆம் சேனலும் உதைக்கும், 6-ஆம் சேனலும் உதைக்கும்.