மணற்சாரி மேய்ச்சல் நிலத்தை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணக் கடலோரத்தில் கரும்பும் காய்கறியும் பயிரிட்டுப் பழகிய நம்மவர்கள், உள்நாட்டில் வீனன், எஸ்ட்கோர்ட் பக்கம் மேய்ச்சல் நிலம் எடுக்கப் போகும்போது, பொலபொலவென்ற மேல்மண்ணைக் கண்டதும் உழுதுவிடலாம் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் அந்த நிலம் எதற்கு உதவும் என்பதை அடிமண்தான் முடிவு செய்கிறது.

மேடு, சரிவு, தாழ்வு ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். மேல்மண்ணை ஈரமாக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் நாடாவாக நசுக்கினால் ஓரங்குலம் நீளுமுன் முறிய வேண்டும். இதுவே மணற்சாரி, இதில் களியின் பங்கு நூற்றுக்கு 20க்கும் குறைவு. மழைநீர் விரைவாக இறங்கினாலும், ஒரு மீட்டர் ஆழத்தில் புல்லுக்குக் கிடைக்கும்படி தங்குவது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். உழுதால் மண்ணிலுள்ள மட்குச் சத்தும் சீக்கிரம் கரைந்துவிடும்.

இனிக் குழியின் சுவரைப் பாருங்கள். அடிவரை ஒரே செந்நிறமாக இருந்தால், அது பெரும்பாலும் தென்னாப்பிரிக்க மண் வகைப்பாட்டில் ஹட்டன் எனப்படும், நீர் நன்றாக வடியும் மண். மழையும் சரிவும் இடம் கொடுத்தால் பயிரைப் பற்றி யோசிக்கலாம். வெளிறிய மணலுக்குக் கீழே திடீரெனத் தூண் தூணாகப் பிளந்த கடினக் களி தென்பட்டால், அது எஸ்ட்கோர்ட் ஊரின் பெயரையே பெற்ற வகையாக இருக்கக்கூடும். அந்தக் களியிலிருந்து பட்டாணி அளவு உலர்ந்த கட்டியை எடுத்து, மழைநீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் மெல்ல இட்டு, கலக்காமல் விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் படர்ந்தால், சோடியம் மிகுந்து களி தானாகவே பிரிகிறது என்று பொருள். அங்கே ஆழமான ஒரு மாட்டுத்தடமே அடுத்த மழையில் டோங்காவாக, அதாவது மண்ணரிப்புப் பள்ளமாக, வாய் பிளக்கலாம். ஆகவே உழவோ பாதை வெட்டவோ கூடாது, தண்ணீர்த் தொட்டியையும் வேறிடத்தில் வையுங்கள்.

உழத் தகுந்த இடமானாலும், கடந்த 10 ஆண்டுகளாக உழப்படாத நிலத்தை எழுத்து மூல அனுமதியின்றி உழுவதை 1983ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டமான வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

மேய்ச்சலுக்கே என்று முடிவானால், 450 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்புல் தின்னும் என்று கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1500 கிலோ விளைந்து, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மேயவிட்டால், 500 கிலோ 50 நாளைக்கு வரும். ஆண்டு முழுவதற்கும் ஒரு மாட்டுக்கு ஏழு ஹெக்டேருக்கு மேல் வேண்டும். தரகர் சொல்லும் கணக்கு இதைவிடத் தாராளமாகவே இருக்கும். நிலத்தைக் கம்பி வேலியால் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு பகுதிக்குக் கோடை மழைக்காலம் முழுவதும் ஓய்வு கொடுங்கள். அப்போதுதான் ரோய்கிராஸ் என்னும் நல்ல மேய்ச்சல் புல் விதை விடும். அடிக்கடி ஒட்ட மேய்ந்த இடத்தில் புல்வேர் வலுவிழந்து, நீர் ஆழத்துக்குப் போய் முட்புதருக்கே பயன்படும். அந்தப் புதரை வெட்டி, வெறுமையான திட்டுகளின்மேல் சரிவுக்குக் குறுக்காகப் பரப்புங்கள். முள்ளுக்கு அஞ்சி மாடு விலகும், இடுக்கில் தங்கும் விதை முதல் மழையில் முளைக்கும்.